பூட்டை மாற்றினோம், குறியீட்டை மாற்றினோமா?



வழக்கமாக இங்கே இலக்கணத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் தேர்வுத்தாளையும் பற்றியே எழுதி வருகிறேன். இன்று வீட்டு வாயிற்கதவைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இஃது எதற்கு என்று கேட்பவர்கள், இறுதிவரை படித்துவிட்டுக் கேளுங்கள். இதில் என் வீட்டில் நடந்த களவு இருக்கிறது. அதைவிடப் பெரியதாக நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. களவுக்கு விலை கொடுத்தவள் நான். என் தவறுக்கு விலை கொடுத்தவன் என்னிடம் படித்த மாணவன்.

நம் தாமான்களில் 'ஆட்டோகேட்' இல்லாத வரிசை வீட்டை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். மழையில் இறங்கி நனைய வேண்டியதில்லை. இருட்டில் இறங்கிப் பயப்பட வேண்டியதில்லை. காரில் இருந்தபடியே ரிமோட்டின் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கிறது. நல்ல வசதிதான். அந்த வசதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த ரிமோட்டுக்குள் இருக்கும் குறியீட்டை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கும் நம் அலட்சியத்தைத்தான் குறை சொல்ல வந்தேன்.

வீடு வாங்கினால் முதலில் என்ன செய்கிறோம்? பால் காய்ச்சுகிறோம். அதற்கும் முன்னால் பழைய பூட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பூட்டுகளைப் போடுகிறோம். முன்பு இருந்தவரிடம் இன்னும் எத்தனை சாவிகள் உள்ளனவோ என்ற அச்சம். ஆனால், அதே மனிதர் கொடுத்துவிட்டுப் போகும் இரண்டு ரிமோட்டுகளை மட்டும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, மறுநாளே பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறோம். அவரிடம் மூன்றாவது ரிமோட் இருந்ததா என்று நாம் கேட்பதில்லை. சாவி என்றால் சந்தேகம். ரிமோட் என்றால் நம்பிக்கை! இஃது என்ன கணக்கு?

என் வீட்டில் நடந்தது

இப்போதைய வீட்டை நாங்கள் 2011ஆம் ஆண்டில் வாங்கினோம். வாயிற்கதவும் அதன் மோட்டார்களும் முன்னைய உரிமையாளர் பொருத்தியவை. அவர் அந்த வீட்டைச் சில ஆண்டுகள் வாடகைக்கும் விட்டிருந்தார். மரக்கதவின் பூட்டை மாற்றினோம். கிரில் கதவுக்குப் புதிய பூட்டு வாங்கினோம். ரிமோட்டை அப்படியே வைத்துக்கொண்டோம்.

2022ஆம் ஆண்டில் ஒரு பள்ளி நாள். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். நானும் கணவரும் வேலையில் இருந்தோம். பிள்ளைகள் இன்னும் வீடு திரும்பவில்லை. வீட்டில் இருந்தவர் என் அம்மா மட்டும். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். வாயிற்கதவு மூடித்தானே இருக்கிறது என்ற நம்பிக்கையில், காற்று வரட்டும் என்று கிரில்லைப் பூட்டாமல் சாத்தி வைத்துவிட்டுப் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். வாயிற்கதவு திறக்கும் ஓசை கேட்டது. நான்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று எண்ணி, "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே முன்னறைக்கு வந்திருக்கிறார். அங்கே முன்பின் தெரியாத இருவர் நின்றார்கள்.

அம்மாவின் கழுத்துச் சங்கிலி, என் மடிக்கணினி, அலமாரியில் இருந்த நகைகள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவை அவர்கள் அடிக்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லி, சத்தம் போடக்கூடாது என்று மட்டும் சைகை காட்டினார்களாம். இன்றும் அம்மா முன்னறையில் தனியாக உட்காருவதில்லை.

எதிர்வீட்டு அம்மாள் அந்தக் கார் உள்ளே போவதைப் பார்த்திருக்கிறார். கதவு தானாகத் திறந்ததால் எங்கள் உறவினர் என்று நினைத்துவிட்டார். அவர்மீது என்ன குற்றம்? கதவே அவர்களை வீட்டுக்காரர்களாக ஏற்றுக்கொண்ட பிறகு எதிர்வீட்டார் எதற்கு ஐயப்பட வேண்டும்?

வாயிற்கதவில் ஒரு கீறல்கூட இல்லை. விசாரிக்க வந்த காவல் அதிகாரியும் அதைத்தான் முதலில் பார்த்தார். "யார்மீதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டார்.

அங்கேதான் நான் தவறினேன்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, கதவின் ஒரு பக்க மோட்டார் இழுக்காமல் நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்தவன் என் பழைய மாணவன். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தவன். தேர்வில் சுமார்தான், ஆனால் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் கழற்றித் திரும்பப் பூட்டிவிடுவான். வகுப்பறை மின்விசிறி நின்றால் என் கண் முதலில் அவனைத்தான் தேடும். இடைநிலைப்பள்ளியை முடித்து, ஆட்டோகேட் பொருத்தும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

"அந்தப் பையன் வந்து போனானே" என்று உறவினர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டார் தலையசைத்தார். அவன்தான் என்று ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. அவனாக இருக்கலாமோ என்றுதான் எல்லாரும் பேசினார்கள். நான் அவன் பெயரை அதிகாரியிடம் சொன்னேன்.

அவனை நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். களவு நடந்த நேரத்தில் அவன் வேறோர் ஊரில் முதலாளியோடு வேலையில் இருந்தது உறுதியானது. அனுப்பிவிட்டார்கள். ஆனால், அவன் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு அவனுக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சில வாரங்களுக்கு முதலாளி அவனை எந்த வீட்டுக்கும் அனுப்பவில்லை. அவனோ நாள்கூலிக்கு வேலை செய்பவன்.

அவன் தாயார் ஒருநாள் பள்ளி வாசலில் காத்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "டீச்சர், உங்ககிட்ட படிச்ச பிள்ளை. ஒரு வார்த்தை அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அன்று வகுப்பில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "ரிமோட் கையில இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். கொடுத்தேன். திருப்புளியால் அதன் முதுகைத் திறந்து என் முன்னால் வைத்தான். உள்ளே எட்டுச் சிறு விசைகள் வரிசையாக இருந்தன. எட்டும் நடுவில், சுழியத்தில், நின்றன.

"கடையிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு. யாரும் தொடவே இல்ல. அன்னைக்கே மாத்திடலாம்னு சொன்னேன் டீச்சர். சாரோட ரிமோட் அவர் கார்ல இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

உண்மைதான். அவன் சொன்னான். நான்தான் தள்ளிப்போட்டேன். என்னை எச்சரித்தவனையே நான் காவல் நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறேன்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை பொருள் எழுதிப் போட்டிருப்பேன்!

திருடியவர்கள் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால், அன்றிரவு உட்கார்ந்து, என் வீட்டுக் கதவைத் திறக்கக்கூடிய ரிமோட்டுகள் எங்கெல்லாம் போயிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முன்னைய உரிமையாளர், அவர் வைத்திருந்த வாடகைக்காரர்கள், அவர்களிடம் வேலை செய்தவர்கள். என் மகன் டியூஷன் வேனில் தொலைத்த ஒன்று. சாவிக்கடையில் 25 வெள்ளிக்கு நான் எடுத்த நகல். அந்தக் கடைக்காரர் நான் யார் என்றோ, வீடு எங்கே என்றோ கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். எனக்கு எடுத்துக் கொடுத்தவர் எவருக்கும் எடுத்துக் கொடுப்பார். கார் கழுவுமிடத்திலும் பட்டறையிலும் காரோடு சேர்த்து நான் விட்டுவந்த ரிமோட்டை என்ன கணக்கில் சேர்ப்பது? தாள் நிறைந்துவிட்டது. இத்தனை வழிகள் இருக்க, என் கண்ணுக்குத் தெரிந்தவன் அந்த ஒரு பையன்!

ரிமோட்டுக்குள் இருப்பது என்ன?

வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பெயர் கூப்பிடுகிறோம். தலையை நிமிர்த்திப் பார்க்காத ஆசிரியரிடம், வராத நண்பனுக்காக வேறொருவன் குரல் கொடுத்துவிடலாம். நிலைக் குறியீட்டு ரிமோட் இப்படித்தான் வேலை செய்கிறது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அது காற்றில் ஒரே எண்ணைச் சொல்கிறது. கதவின் பெட்டியில் உள்ள ஏற்பி அந்த எண்ணை மட்டுமே கேட்கிறது. சொன்னவர் யார் என்று பார்ப்பதில்லை. நம் நாட்டு ஆட்டோகேட்டுகளில் பெரும்பாலும் 330 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தப் பேச்சு நடக்கிறது. கேட்கத் தெரிந்த கருவி எதுவும் அதைக் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்லலாம். சாவிக்கடையில் நகல் எடுப்பது என்பது வேறொன்றுமில்லை, இதுதான்.

அந்த எண்ணை முடிவு செய்பவை, கடைக்காரர்கள் 'டிப் சுவிட்ச்' என்று சொல்லும் சிறு விசைகள். இருநிலை விசைகள் எட்டு இருந்தால் 256 குறியீடுகள்தாம் அமையும். பத்து என்றால் 1,024; பன்னிரண்டு என்றால் 4,096. நம் ஊரில் அதிகம் காணப்படும், கூட்டல், சுழியம், கழித்தல் என்று மூன்று நிலைகள் உள்ள எட்டு விசைகளில் 6,561. நான்கு இலக்க எண்பூட்டுக்கே 10,000 வாய்ப்புகள் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். பெட்டியில் போடும் பூட்டைவிட வீட்டு வாசலில் போட்ட பூட்டு எளியது! இந்தச் சிறிய எண்ணிக்கையையும் நாம் பயன்படுத்துவதில்லை. கடையிலிருந்து வந்த நிலையிலேயே விட்டுவிட்டால் 6,561 என்பது 1 ஆகிவிடுகிறது.

2015ஆம் ஆண்டில் சாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர், உற்பத்தி நிறுத்தப்பட்ட ஒரு சிறுவர் விளையாட்டுக் கருவியை மாற்றியமைத்து, எட்டு முதல் பன்னிரண்டு இருநிலை விசைகள் வரை உள்ள கார் கொட்டகைக் கதவுகளின் குறியீடுகள் அனைத்தையும் பத்து விநாடிக்குள் முயன்று முடித்துவிடலாம் என்று காட்டினார். அங்கே கொட்டகைக் கதவு, இங்கே வாயிற்கதவு. உள்ளே இருக்கும் பலவீனம் ஒன்றே. மூன்று நிலை விசைகள் அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். கதவோ எத்தனை முறை தவறாகக் கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை, யாருக்கும் சொல்வதுமில்லை.

இரண்டாவது வகை ரிமோட்டில் விசைகளே இருக்காது. குறியீடு தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். இவற்றில் பரவலாக உள்ள ஒரு வகையில் 10,48,576 குறியீடுகள் அமையும். ஊகித்துத் திறப்பது கடினம். ஆனால் இதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறது. ஆகவே நகல் எடுப்பது எளிது. போதாக்குறைக்கு, இந்த எண்ணை நம்மால் மாற்றவும் முடியாது.

மூன்றாவது வகையை உருளும் குறியீடு என்பார்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எண் மாறும். ரிமோட்டும் ஏற்பியும் ஒரே இரகசியக் கணக்கைத் தமக்குள் வைத்திருப்பதால், அடுத்து வரவேண்டிய எண் எது என்று ஏற்பிக்குத் தெரியும். நேற்றுச் சொன்ன எண்ணை இன்று சொன்னால் அது மதிக்காது. இதுவும் முழுமையான காவல் அன்று. அலையை மறித்து, பயன்படுத்தப்படாத எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கருவியையும் அதே கம்கார் அதே 2015இல் செய்து காட்டினார். ஆனாலும் நிலைக் குறியீட்டுக்கும் இதற்கும் உள்ள தொலைவு, கயிற்றால் கட்டிய கதவுக்கும் தாழிட்ட கதவுக்கும் உள்ள தொலைவு.

யாரைக் கேட்பது?

முதலில் பொருத்துகிறவர்களைக் கேட்கிறேன். கதவு திறக்கிறதா மூடுகிறதா என்று பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போவதோடு உங்கள் வேலை முடிந்ததா? எட்டு விசைகளை மாற்ற ஐந்து நிமிடம் ஆகுமா? தெரு முழுவதும் ஒரே நிலையில் பொருத்திவிட்டுப் போனால், ஒரு வீட்டு ரிமோட்டுக்கு இன்னொரு வீட்டுக் கதவு திறக்கிறது. அதைச் சிலர் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிற செய்தியா இது?

விற்பவர்களையும் கேட்கிறேன். மோட்டாரின் வலிமையையும் உத்தரவாத ஆண்டுகளையும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறீர்கள். இது நிலைக் குறியீடா, உருளும் குறியீடா என்பதை ஏன் சொல்வதில்லை? வாங்குபவர் கேட்காததால் நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாததால் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

குடியிருப்போர் சங்கங்களையும் கேட்கிறேன். காவல் கொட்டகைக்கும் தடுப்புக் கம்பத்துக்கும் மாதாமாதம் பணம் திரட்டுகிறீர்கள். நல்லது. ஒரு சனிக்கிழமை காலையில், தெரிந்த தொழிலாளி ஒருவரை அழைத்து, தெருவிலுள்ள எல்லா வீட்டு ரிமோட்டுகளையும் மாற்றிக்கொள்ளச் செய்தால் என்ன? அதற்கு ஆகும் செலவு ஒரு சங்க விருந்தின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடைசியாக நம்மைக் கேட்கிறேன், என்னையும் சேர்த்துத்தான். வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் நம் விரல் யாரை நோக்கி நீள்கிறது? வீட்டுப் பணிப்பெண்ணை. புல் வெட்ட வந்த வெளிநாட்டுத் தொழிலாளியை. தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த குடும்பத்துப் பையனை. நம்மினத்து இளைஞர்களை மற்றவர்கள் ஐயக்கண்ணோடு பார்க்கிறார்கள் என்று மேடையில் பொருமுகிறோமே, நம் வீட்டு வாசலில் நாம் என்ன செய்கிறோம்?

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் தனிப்பங்கு உண்டு. ஏட்டுப் படிப்பு வராத பிள்ளைகளைப் பார்த்து, "கைத்தொழில் கற்றுக்கொள், பிழைத்துக்கொள்வாய்" என்று அறிவுரை சொல்பவர்கள் நாம். அவன் சொன்னபடியே கற்றுக்கொண்டு, திருப்புளியோடு நம் வீட்டுக்கே வேலைக்கு வருகிறான். களவு போனதும் அந்தத் திருப்புளிதான் நம் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிகிறது. ஒரு மருத்துவர் வந்து போயிருந்தால் அவர் பெயரை நான் சொல்லியிருப்பேனா? இல்லை. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட வேண்டியதுதான்.

சொல்லப்படும் சாக்குகள்

"திருடன் நினைத்தால் சுவரேறிக் குதிப்பான், ரிமோட்டை மாற்றி என்ன பயன்?" என்கிறார்கள். பட்டப்பகலில் சுவரேறுபவனை எதிர்வீட்டார் பார்ப்பார்கள், நாய் குரைக்கும். கதவு திறந்து காரோடு உள்ளே போகிறவனைப் பார்த்தால் கையசைப்பார்கள். அதுதான் வேறுபாடு.

"உள்ளே கிரில்லும் மரக்கதவும் இருக்கின்றனவே?" இருக்கின்றன. ஆனால் வாயிற்கதவை நம்பித்தான் பகலில் அவற்றைப் பூட்டாமல் விடுகிறோம். என் அம்மா செய்ததும் அதுவே.

"வயதானவர்களுக்குக் குழப்பம்" என்று நானும் சொன்னேன். குறியீட்டை மாற்றினால் அவர்கள் அழுத்தும் பொத்தான் மாறுவதில்லை. இதுகூட யோசிக்காமல் அம்மாவின் முதுமையை என் சோம்பலுக்குக் காரணம் காட்டினேன்.

"நேரமில்லை." கைப்பேசியின் கடவுச்சொல்லை மாற்ற நேரம் இருக்கிறது. முகநூல் படத்தை மாற்ற நேரம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

என் மாணவன் எனக்குச் சொல்லித் தந்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. வீட்டிலுள்ள ரிமோட்டுகள் எல்லாவற்றையும் மேசைமேல் கொண்டுவந்து எண்ணுங்கள். முன்பு எத்தனை இருந்தன என்பதையும் எழுதுங்கள். இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால் அன்றே குறியீட்டை மாற்றியாக வேண்டும்.

2. ரிமோட்டின் முதுகைத் திறந்து பாருங்கள். விசைகள் இருந்தால் அது நிலைக் குறியீடு. விசைகள் இல்லாவிட்டால் எந்த வகை என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். சாவிக்கடையில் எளிதாக நகல் எடுக்க முடிந்த ரிமோட் என்றால் பெரும்பாலும் அதுவும் நிலைக் குறியீடுதான்.

3. விசைகள் உள்ள ரிமோட்டில் அவற்றைக் கலைத்து மாற்றுங்கள். எல்லாம் ஒரு பக்கமாகவோ, ஒன்றுவிட்டு ஒன்றாகவோ வைக்காதீர்கள். எல்லா ரிமோட்டுகளிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும். ஏற்பியிலும் விசைகள் இருந்தால் அங்கும் அதே அமைப்பை வைக்க வேண்டும்.

4. ஏற்பியில் கற்றுக்கொள்ளும் பொத்தான் இருந்தால், பழைய நினைவு முழுவதையும் அழித்த பிறகே புதிய குறியீட்டைப் பதிய வேண்டும். பொதுவாக, விளக்கு அணையும்வரை அல்லது சிமிட்டும்வரை அந்தப் பொத்தானைப் பல விநாடி அழுத்திப் பிடிப்பார்கள். பெட்டிக்குப் பெட்டி முறை வேறுபடும், கையேட்டைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ரிமோட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதியுங்கள்.

5. பலர் தவறுவது இங்கேதான். நினைவை அழித்துவிட்டு அதே பழைய நிலைக் குறியீட்டைத் திரும்பப் பதிந்தால் ஒரு பயனும் இல்லை. தொலைந்த ரிமோட்டும் நகல் ரிமோட்டும் அதே எண்ணைத்தான் சொல்கின்றன. அவற்றுக்கும் கதவு மீண்டும் திறக்கும். முதலில் குறியீட்டை மாற்றுங்கள். பிறகு அழித்துப் பதியுங்கள். குறியீட்டை மாற்ற முடியாத வகை என்றால் ரிமோட்டையே மாற்றுங்கள். உருளும் குறியீட்டில் மட்டும், நினைவை அழித்துக் கையிலுள்ளவற்றைப் பதிந்தால் தொலைந்தது தானாகவே செயலிழந்துவிடும்.

6. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் வருகிறது. மின்தடைக்கான பேட்டரியும் இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்காதீர்கள். தொழில் தெரிந்தவரை அழையுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

7. மாற்றிய பிறகு, பழைய அமைப்பில் விட்ட ஒரு ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். கதவு அசையக்கூடாது. இந்தச் சோதனை இல்லாமல் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள்.

8. புதிதாக வாங்குபவர்கள் உருளும் குறியீடு என்று கேட்டு வாங்குங்கள்.

9. பிள்ளைகளின் புத்தகப்பையில் ரிமோட்டைத் தொங்கவிடாதீர்கள். பெயரும் முகவரியும் எழுதிய பையிலேயே வாயிற்கதவின் திறவுகோலையும் மாட்டி அனுப்புகிறோம்! வகுப்பறையில் நான் நாள்தோறும் பார்க்கும் காட்சி இது.

10. வாடகைக்காரர் வெளியேறினால், பணியாளர் மாறினால், ஒரு ரிமோட் தொலைந்தால், வீடு கைமாறினால் உடனே மாற்றுங்கள். இது யாரையும் ஐயுறுவதாகாது. உண்மையில், வேலையை விட்டுப் போகிறவருக்கும் இதுவே பாதுகாப்பு. பின்னாளில் ஏதேனும் நடந்தால் அவர்மேல் பழி விழாது.

இந்தப் பத்தாவது குறிப்பைப் பெற்றோர்கள் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். பூட்டு என்பது நம் பொருளை மட்டும் காப்பதில்லை. நம்மைச் சுற்றியுள்ள எளிய மனிதர்களின் பெயரையும் காக்கிறது. நான் அன்று ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால், ஒரு பையன் காவல் நிலையத்தில் ஒரு பகல் உட்கார்ந்திருக்க மாட்டான்.

மன்னிப்புக் கேட்டதோடு நான் நிற்கவில்லை. என் ஐயம் ஆதாரமற்றது என்று நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் பெயரைக் கேட்டுத் தலையசைத்த வீடுகளுக்கு எல்லாம் நடந்து போய், வாசலில் நின்று, "தவறு என்னுடையது" என்று சொன்னேன். சிலர் "அதற்கென்ன டீச்சர், விடுங்கள்" என்றார்கள். விடக்கூடாது. பழியைச் சொன்ன வாயால்தான் அதைத் திரும்பப் பெறவும் வேண்டும்.

எங்கள் கதவின் குறியீட்டை மாற்றித் தந்தவன் அவனே. கூலியை வாங்க மறுத்தான், நான் விடவில்லை. வேலை முடிந்ததும் பழைய அமைப்பில் இருந்த ரிமோட்டை அம்மாவின் கையில் கொடுத்து, "பாட்டி, அழுத்திப் பாருங்க" என்றான். அம்மா அழுத்தினார். கதவு அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். பிறகு அவனை உள்ளே அழைத்துச் சாப்பிட வைத்தார். என்னால் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. சமையலறையிலேயே நின்றுகொண்டேன்.

இதைப் படித்து முடித்தவுடன் எழுந்து போய் உங்கள் ரிமோட்டின் முதுகைத் திறந்து பாருங்கள். எட்டு விசைகளும் ஒரே நேர்கோட்டில் நின்றால், உங்கள் வீட்டுக் கதவு இன்னும் பூட்டப்படவில்லை என்று பொருள்.

அதற்குள் ஏதேனும் காணாமற்போய்விட்டால், யார் பெயரையும் சொல்வதற்கு முன் அந்த எட்டு விசைகளைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை